2.85: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில், பந்தி முடிந்து பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். கார் நிறுத்துமிடத்தில் பனி ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். பட்டுப்புடவைக்கு மேல் போட்டிருந்த குளிர்கோட்டின் ஜிப்பைக்கூட அவள் இழுத்துவிடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, பையனுக்கு ஜிபிஏ 2.8தான் இருக்கு. மெடிசின் இனிமே அவ்வளவுதானா?" என்று கேட்டாள். ஜிபிஏ என்பது கல்லூரிக் கிரேடுகளின் சராசரி, 4-க்குப் போடுவது.

இரண்டு வருடத்தில் என்னிடம் இப்படிக் கேட்ட ஐந்தாவது அம்மா அவள். ஐந்து பேருமே தாழ்ந்த குரலில்தான் கேட்டார்கள். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால்தான் பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றாள்.

என் மகள் பட்டம் வாங்கும்போது அவள் ஜிபிஏ 2.85. இன்று குடும்ப மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட், அதாவது மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு மருத்துவமனையில் பயிற்சி பெறும் டாக்டர். நடுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அதைச் சொல்லி உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் கிரேடு விழுந்ததும் அவசரத்தால்தான், முதல் விண்ணப்பம் வீணாய்ப் போனதும் அவசரத்தால்தான். இரண்டு முறையும் அவசரப்பட்டது அவளில்லை, நாங்கள்.

நானும் என் கணவரும் நுழைவுத் தேர்வுக் காலத்துப் பிள்ளைகள். பிளஸ் டூ மார்க்கை 200-க்குக் கொண்டுவந்து, நுழைவுத் தேர்வின் 100-ஐச் சேர்த்து, 300-க்குக் கட்-ஆஃப் போட்டு, கால் மார்க்கில் சீட்டு தப்பியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பதினேழு வயதில் ஒரு லிஸ்ட் வரும். அதில் பேர் இருந்தால் டாக்டர், இல்லாவிட்டால் இல்லை. இன்னொரு வருஷம் வீட்டிலிருந்து இம்ப்ரூவ்மெண்ட் எழுதினால் தெருவே விசாரிக்கும். அந்தப் பயத்தை விமானம் ஏறும்போது நாங்கள் ஊரில் விட்டுவிட்டு வரவில்லை.

இங்கே மருத்துவப் படிப்பு நாலு வருடக் கல்லூரிக்குப் பிறகுதான். சீக்கிரம் முடித்தால் நல்லது என்று நாங்களாகவே கணக்குப் போட்டோம். பள்ளியிலேயே ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடங்களில் 20 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) சேர்த்து வைத்திருந்தாள். அதை வைத்து மூன்றே வருடத்தில் பட்டம், ஒரு வருடக் கட்டணமும் மிச்சம். அவள் பொது வேதியியலைத் தாண்டி முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் போய் உட்கார்ந்தாள். கூடவே கால்குலஸ், பயாலஜி, லேப். பள்ளியில் புத்தகத்தை ஒரு தடவை வாசித்தாலே மார்க் வாங்கிய பெண்ணுக்கு எப்படிப் படிப்பது என்றே தெரியாமல் போயிற்று. ஆர்கானிக்கில் சி மைனஸ். அடுத்த செமஸ்டரில் பிசிக்ஸில் சி. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது "எல்லாம் நல்லா போகுதும்மா" என்பாள். மூன்று மாதம் அவள் சரியாகத் தூங்கவே இல்லை என்பது எனக்குத் தெரிய வந்தது ஒன்றரை வருடம் கழித்து. இரண்டாம் வருட முடிவில் 2.6. கடைசியில் மூன்று வருடத்துக்குப் பதில் நாலு வருடமே ஆயிற்று.

2017 மே மாதம் பட்டம். அடுத்த மாதமே விண்ணப்பம் போட வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். அவள் வேண்டாம், ஒரு வருஷம் போகட்டும் என்றாள். "கேப் விழுந்தா என்ன நினைப்பாங்க?" என்று கேட்டது நான்தான். யார் நினைப்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் விடவில்லை.

எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை அரைகுறைத் தயாரிப்போடு எழுதி 503 வாங்கினாள். மொத்தம் 528. நாலு பகுதிகள், ஒவ்வொன்றும் 118 முதல் 132 வரை. சேர்கிறவர்களின் சராசரி 512-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த மார்க் வருவதற்குக் காத்திருந்ததில் விண்ணப்பம் செப்டம்பரில்தான் முழுமையானது. வர வர எடுத்துப் பார்த்து நேர்காணலுக்கு அழைத்துக்கொண்டே போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஜூனில் நிற்கும் வரிசை வேறு, செப்டம்பரில் நிற்கும் வரிசை வேறு. 22 கல்லூரிகளுக்குப் போட்டோம். ஒரு நேர்காணல்கூட வரவில்லை.

மறுப்பு மின்னஞ்சல் வந்த கல்லூரிகளில் ஒன்று மட்டும் பத்து நிமிடம் போனில் பேச ஒத்துக்கொண்டது. போனில் பேசிய அம்மா சொன்னதை மகள் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாள்: "உன் கடந்த காலம் எனக்குத் தெரிகிறது. இப்போது நீ யார் என்பதற்கு இந்தத் தாளில் ஒன்றுமே இல்லை." 2.85 என்ற எண்ணைவிட அந்த எண்ணுக்குப் பிறகு வேறொன்றும் இல்லாததுதான் அவர்களைத் தடுத்திருக்கிறது.

இனி கணக்கு. ஐந்து அம்மாக்களும் இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

இங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம் எம்.டி., டி.ஓ. என்று இரண்டு வகை. எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கான பொது விண்ணப்பத்தை ஆம்காஸ் என்பார்கள். அதில் பிள்ளை எழுதிய ஒவ்வொரு கல்லூரிப் பாடத்தையும் ஒன்று விடாமல் நிரப்ப வேண்டும். பள்ளியில் படிக்கும்போதே சமூகக் கல்லூரியில் எடுத்த பாடமும் வரும். எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று ராத்திரி உட்கார்ந்து இரண்டு கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்ட்டை வரி வரியாக ஏற்றினோம். ஆர்கானிக்கை அவள் மறுபடி எடுத்து பி பிளஸ் வாங்கியிருந்தாள். அவள் பல்கலைக்கழகம் பழைய சி மைனஸைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தது. ஆம்காஸ் நீக்குவதில்லை. இரண்டையும் எடுத்துக்கொள்ளும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நாலுக்கும் தனியாக இன்னொரு ஜிபிஏ போடும். டி.ஓ. கல்லூரிகளின் விண்ணப்பத்தில் மட்டும் மறுபடி எடுத்த பாடத்தின் புதிய கிரேடு பழையதற்குப் பதிலாக நிற்கும் என்ற வசதி முன்பு இருந்தது. அவள் பட்டம் வாங்கிய அதே 2017 மே மாதத்திலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் "திரும்ப எடுத்தா பழசு போயிடும்" என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்வதைக் கேட்கிறேன். போகாது. டெக்ஸாஸ்காரர்களுக்கு மட்டும், பத்து வருடத்துக்கு மேல் பழைய பாடங்களை ஒட்டுமொத்தமாக விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க அந்த மாநிலச் சட்டத்தில் வழி இருக்கிறது.

என் கணவர் மென்பொருள்காரர். எக்ஸெலைத் திறந்தார். கிரேடு கணக்கில் வருவது 100 கிரெடிட், சராசரி 2.85. இன்னும் 34 கிரெடிட், கிட்டத்தட்ட எல்லாமே ஏ வாங்கினாலும் 3.13-தான் வரும். மடிக்கணினியை மூடிவிட்டு, "ரெண்டு வருஷம் நாயாப் படிச்சாலும் இவ்வளவுதான்" என்றார். எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாங்கள் பார்க்கத் தவறிய ஒன்றை மகள் பார்த்திருந்தாள். ஆம்காஸ் மொத்த ஜிபிஏவை மட்டும் காட்டுவதில்லை. முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, நாலாமாண்டு என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டும். பட்டத்துக்குப் பிறகு படித்த பாடங்களுக்குத் தனியாக ஒரு வரி உண்டு. படிக்கிறவர் கண் மேலிருந்து கீழே இறங்கும். அவளுக்கு அந்தக் கடைசி வரி வேண்டியிருந்தது.

இதை இங்கே போஸ்ட்-பேக் என்பார்கள். வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு. பயோகெமிஸ்ட்ரி, உடலியல், செல் பயாலஜி, ஜெனடிக்ஸ், நுண்ணுயிரியல், புள்ளியியல். பகலில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்க்ரைப் வேலை. டாக்டர் நோயாளியிடம் பேசப் பேச இவள் பக்கத்தில் நின்று குறிப்புகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் செமஸ்டரில் இரண்டே பாடம் எடுத்தாள். எனக்கு வாய் துறுதுறுத்தது, நாலு எடுக்கக்கூடாதா என்று. அந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன். இரண்டிலும் ஏ வந்த பிறகு மூன்றாக்கினாள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குப் போகும் கண்ணாடிக் கதவில் மார்க்கரால் கிளைக்காலிசிஸ் முழுவதையும் எழுதியிருந்தாள். குளுக்கோஸ் மேலே, பைருவேட் கீழே, நடுவில் பத்துப் படிகள், ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் என்சைமின் பேர். காலையில் காபி குடித்துக்கொண்டு அதன் வழியாகத்தான் நான் தோட்டத்தைப் பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, அவளைக் கேட்காமல், கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பட்டம் முடித்த பெண் இன்னும் படித்துக்கொண்டிருப்பதை அவர்கள் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். மறுநாள் காலை எழுந்து வரும்போது கதவில் மறுபடி அத்தனையும் இருந்தது. புத்தகம் அலமாரியிலேயே இருந்தது. "நல்லதுதாம்மா, பாக்காம போட வருதான்னு தெரிஞ்சுது" என்றாள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

34 கிரெடிட்டில் ஒரே ஒரு ஏ மைனஸ், மற்றதெல்லாம் ஏ. கடைசி வரி 3.96. எம்கேட்டை ஒரு வருடம் கழித்து, பயிற்சித் தேர்வுகளில் தொடர்ந்து 510-க்கு மேல் வந்த பிறகே எழுதினாள். 513. இதிலும் அவசரம் ஆகாது. வருடத்துக்கு மூன்று முறை, வாழ்நாளில் மொத்தம் ஏழு முறைதான் எழுதலாம். எழுதிய ஒவ்வொரு தடவையின் மார்க்கும் கல்லூரிகளின் கண்ணில் படும்.

போஸ்ட்-பேக் தவிர இன்னொரு வழியும் உண்டு. மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து அவர்கள் எழுதும் தேர்வையே எழுதும் ஒரு வருட முதுகலை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1975-இல் இதைத் தொடங்கியது. பிறகு பல இடங்களில் வந்துவிட்டது. நன்றாகச் செய்தால் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அங்கேயும் பி, சி வந்துவிட்டால் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும், செலவும் கடுமை. படிக்கும் முறையை முதலில் சரிசெய்துகொள்ளாத பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். நாங்கள் அனுப்பவில்லை.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. ஒரு பக்கம் ஜிபிஏ, இன்னொரு பக்கம் எம்கேட். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும். ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், ஏறக்குறைய 23,000 இடங்கள். இரண்டும் உச்சத்தில் இருக்கிறவர்களில் ஐந்தில் நாலு பேருக்குக் கிடைக்கிறது. அந்த நாலு பேரைப் பார்த்தே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதே கட்டத்தில் கிடைக்காமல் போன ஐந்தாமவரும் இருக்கிறார். 3.0-க்குக் கீழே கட்டங்களில் உள்ள எண்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. ஆனால் எல்லாமே பூச்சியம் இல்லை. அந்த அட்டவணையை முழுதாக ஒரு தடவை பாருங்கள்.

டி.ஓ. பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இதில்தான். என் கணவர் "அது எலும்பு தட்டுற டாக்டர்தானே" என்றார். அப்படியில்லை. 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வந்த மரபு அது. இன்று 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு உள்ள அத்தனை உரிமையும் டி.ஓ.வுக்கு உண்டு. அறுவை சிகிச்சை செய்யலாம், மருந்து எழுதலாம். அதோடு கையால் தசை, மூட்டுகளைக் கையாளும் முறையையும் கூடுதலாகக் கற்கிறார்கள். 2020-இலிருந்து ரெசிடென்சிக்கும் இரு சாராருக்கும் ஒரே அங்கீகார முறைதான். அதைப் புறவாசல் என்று நினைத்தும் போகாதீர்கள். அங்கே சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏயும் 3.6-க்குப் பக்கத்தில் இருக்கிறது. 3.13-ஐயும் கடைசி வரியையும் சேர்த்துப் படிக்கும் பொறுமை அங்கே சில கல்லூரிகளுக்கு இருந்தது, அவ்வளவுதான். 2019 ஜூனில், வரிசையின் முன்னால் நின்று, இரண்டு வகைக்கும் போட்டாள். நாலு நேர்காணல். 2020 பிப்ரவரியில் ஒரு டி.ஓ. கல்லூரி எடுத்துக்கொண்டது. கொரோனாவில் முதல் வருடம் பாதி அதே கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து மேசையில்தான் நடந்தது. 2024 மார்ச் 15 அன்று ரெசிடென்சி இடம் கிடைத்தது. அந்த ஆண்டு விண்ணப்பித்த டி.ஓ. கடைசி வருட மாணவர்களில் 92 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. எம்.டி. மாணவர்களில் 93-க்குச் சற்று மேல்.

கரீபியன் தீவுகளுக்கோ நம்மூர் தனியார் கல்லூரிக்கோ அனுப்பிவிடலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு: அங்கே படித்து வந்த அருமையான டாக்டர்கள் இருக்கிறார்கள், என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறவரே அப்படி வந்தவர்தான். ஆனால் அதே 2024-இல், வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களில் 67 சதவீதத்தினருக்குத்தான் ரெசிடென்சி கிடைத்தது. நடுவிலேயே படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. இங்கே இரண்டு வருடம் பொறுத்தால் கிடைக்கக்கூடியதை, அந்த இரண்டு வருடத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பணயம் வைக்கிறோமா என்று யோசியுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. 2026 ஜூலை 1 முதல் மருத்துவ மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடனுக்கு வரம்பு உண்டு. புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000. முழுச் செலவுக்கும் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் அவர்களுக்கு இனி இல்லை. கட்டணத்தை முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது) வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் மாணவர் விசாவுக்கு மாறிவிட்டால் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் வருவார்கள், அவர்களை எடுக்காத மருத்துவக் கல்லூரிகள் ஏராளம். அந்தப் பிள்ளைகளிடம் பொறு என்று சொல்வது எனக்கு எளிது, அவர்களுக்கு எளிதில்லை. அவர்கள் கல்லூரிப் பட்டியலை வடிகட்டுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விண்ணப்பக் கட்டுரையை நீங்கள் எழுதாதீர்கள். முதல் தடவை 5,300 எழுத்துகளில் பாதிக்கு மேல் மார்க் ஏன் குறைந்தது என்ற விளக்கம்தான். நாங்கள் சொல்லித்தான் எழுதினாள். இரண்டாம் தடவை அது மூன்றே வாக்கியம். என்ன நடந்தது, எதை மாற்றினேன், மாற்றிய பிறகு என்ன வந்தது. மீதி முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவில் அவள் பார்த்த ஒரு முதியவரைப் பற்றி. அதை எங்களுக்குக் காட்டவே இல்லை. சேர்ந்த பிறகுதான் படிக்கக் கொடுத்தாள்.

குறைந்த ஜிபிஏவோடு வரும் எல்லாப் பிள்ளைகளும் டாக்டராகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சில வீடுகளில் அந்த எண் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு இது வேண்டாம் என்பதை வாயால் சொல்ல முடியாமல் கிரேடால் சொல்லிக்கொண்டிருக்கலாம். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், மனசு சரியில்லாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் போஸ்ட்-பேக்குக்குப் பணம் கட்டுவது பிள்ளையை மறுபடி அதே கிணற்றில் இறக்குவது. நான் என் மகளிடம் "உனக்கு இது வேணுமா?" என்று முதல்முதலாகக் கேட்டது 22 மறுப்புகளும் வந்து முடிந்த பிறகு. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேணும்மா. ஆனா என் வேகத்துல" என்றாள். பதினெட்டு வயதில் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

விழாக்களில், பிறந்தநாள்களில், கோயில் வாசலில், கல்லூரி முடித்த பிள்ளையைப் பார்த்து "அடுத்து எங்கே சீட்?" என்று கேட்பதைத் தயவுசெய்து விடுவோம். நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் காரில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

கார் நிறுத்துமிடத்தில் நின்ற தங்கைக்கு: இந்த மே மாதம் ஆம்காஸ் திறக்கும்போது உன் பையன் அடுத்த வருஷம் போடுகிறேன் என்றால் சரி என்று சொல்லு. என் மகளின் போன் நம்பர் கேட்டாயே, கேட்டுவிட்டேன், தரச் சொன்னாள். வியாழக்கிழமை வரை அவளுக்கு ராத்திரி டியூட்டி. அதற்குப் பிறகு அவனையே கூப்பிடச் சொல்லு. நீ கூப்பிடாதே.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா